பிள்ளை பெற்று இரண்டு மாதமாகியும் மனசு சரியில்லை. இது மனச்சோர்வா? எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு வந்த மனச்சோர்வில் அழுகை இல்லை. அதனால்தான் இது இன்னதென்று தெரியத் தாமதமானது.

முதல் பிள்ளை. பிறந்த நாலாம் நாள் காரணமே இல்லாமல் அழுதேன். “எல்லாருக்கும் வர்றதுதான்மா” என்றார் நர்ஸம்மா. ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் வரும் அந்த அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். எனக்கும் அடங்கியது. அப்புறம் வந்தது வேறு.

அம்மா வீட்டில் இருந்தேன். பூண்டுக் குழம்பும் சோறும் தட்டிலேயே ஆறிக் கிடக்கும். மதியம் பிள்ளை சேலைத் தொட்டிலில் தூங்கியதும், “நீயும் கொஞ்சம் தூங்கிக்க” என்று அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போவார். நான் தொட்டில் முடிச்சையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். அவிழ்ந்துவிட்டால்? எழுந்து இழுத்துப் பார்ப்பேன். படுப்பேன். மறுபடி எழுவேன். பிள்ளையைத் தூக்கினாலோ, யார் வீட்டுப் பிள்ளையோ போல இருக்கும்.

காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கட்டியதில் தப்பில்லை, அதிலேயே மூன்று வாரம் போனதுதான் தப்பு.

10-ஆவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “பிள்ளை தூங்கும்போது உங்களால தூங்க முடியுதா?” அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவும் எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளும் கொடுத்தார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. அங்கே பேனா நின்றுவிட்டது.

முதலில் தைராய்டு பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பின் அது கோளாறானாலும் இதே மாதிரிதான் இருக்குமாம். எனக்குச் சரியாகவே இருந்தது. பிறகு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் என்பதால் பால் கொடுக்கும் தாய்மாருக்கு அதிகம் தருகிற மருந்து. வேலை செய்யச் சில வாரம் பிடித்தது. இன்னொரு மருந்து, தூக்கம்: எடுத்துவைத்த பாலை இரவில் ஒருமுறை கணவர் கொடுப்பார், எனக்கு ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில்.

உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது, இனியும் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசுங்கள், அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ஆனால் காதில் குரல் கேட்டாலோ, உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினாலோ, போனோடு நிற்காமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு மதியம் கண் விழித்தேன், மணி நாலு. முடிச்சைப் பார்க்காமலே தூங்கியிருக்கிறேன்.