வான்கூவர் தீவு: தனியே ஒரு கார்ப் பயணம், வழியெல்லாம் குகைகள்

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய வான்கூவர் தீவில் தனியாகக் கார் ஓட்டிப் போய்க் குகைகளுக்குள் நுழைந்து வந்தேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. மூன்று முறை போய் வந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

அக்கா, வான்கூவரில் இறங்கினால் தீவுக்கு வந்ததாகத்தானே அர்த்தம்?

இல்லை. வான்கூவர் நகரம் தீவிலேயே இல்லை, பெயர்தான் ஒன்று. ஹார்ஸ்ஷூ பே துறையில் காரோடு கப்பலேறினால் 1 மணி 40 நிமிடத்தில் தீவிலுள்ள நனைமோ ஊர். கோடையில் முன்பதிவு செய்துவிடுங்கள். ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். தீவின் நீளம் சுமார் 450 கி.மீ.; மேற்கே திரும்பினால் பல இடங்களில் சரளைச் சாலைதான், வேகம் எடுக்காது.

அங்கே ஏன் அவ்வளவு குகைகள்?

சுண்ணாம்புப் பாறையும் ஓயாத மழையும்தான். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் இலேசாகப் புளிப்பேறி, பாறையை மெல்ல அரிக்கிறது. கண்டறியப்பட்டவையே ஆயிரத்துக்கு மேல்.

முதன்முதலாகப் போகிறவர் எந்தக் குகைக்குப் போகலாம்?

ஹார்ன் லேக். குவாலிகம் பீச்சைத் தாண்டி 19ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சாலையில் போக வேண்டும். அங்கே நாமே நுழைந்து பார்க்கக்கூடிய சிறு குகைகள் உண்டு. ரிவர்பெண்ட் என்ற பெரிய குகைக்குக் கதவு போட்டிருக்கிறார்கள்; வழிகாட்டியோடுதான் அனுமதி. தனியாகப் போகிறவர்களுக்கு அதுவே நல்லது. காசு போகிறதே என்று பார்க்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது உபானா. கேம்ப்பெல் ரிவர் என்ற ஊரிலிருந்து 28ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 90 கி.மீ. போனால் கோல்டு ரிவர் என்ற சிற்றூர். அங்கிருந்து தாசிஸ் போகும் சரளைச் சாலையில் 17 கி.மீ. ஐந்து குகைகள், பதினைந்து வாசல்கள்; எல்லாம் சேர்த்தாலும் 450 மீட்டர்தான். ஆனால் காட்டின் நடுவே ஓடிவரும் ஆறு பாறைக்குள் புகுந்து இன்னோரிடத்தில் வெளியே வருவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நீர் தேய்த்த சுவர், அம்மிக்கல் போல வழவழவென்று இருக்கும். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துப் போனவள், மூன்று மணி நேரம் அங்கேயே கிடந்தேன்.

போன் வெளிச்சம் போதாதா?

போதாது. தலைக்கவசமும் மூன்று விளக்குகளும் வேண்டும். "மூன்றா?" என்று நானும் சிரித்தவள்தான். இரண்டாவது பயணத்தில் தலைவிளக்கு அணைந்தது. பையிலிருந்த மாற்று விளக்கை எடுத்தால், பொத்தான் எதிலோ அழுந்தி முன்பே எரிந்து தீர்ந்திருந்தது. மூன்றாவது விளக்கு பையின் அடியில். கையைக் கண்ணுக்கு நேரே நீட்டினாலும் தெரியாத இருட்டில் துழாவி எடுப்பதற்குள் வியர்த்துவிட்டது, உள்ளே குளிர் 8 டிகிரியாக இருந்தும். ஜீன்ஸ் போட்டுப் போகாதீர்கள், நனைந்தால் காயாது. கம்பளி உடைதான் சரி.

என் மகள் தனியாகப் போக ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?

அனுப்புங்கள் அம்மா. எனக்கு மனிதர்களால் தொல்லை வந்ததில்லை. பயப்பட வேண்டியது மரம் ஏற்றி வரும் லாரிகளுக்குத்தான். அவை நடுச்சாலையில் வரும், ஒதுங்க வேண்டியது நாம். பகலிலும் முன்விளக்கு எரியட்டும். கோல்டு ரிவருக்கு அப்பால் போன் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தக் குகை, கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் அழைப்பாள், அழைக்காவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் எழுதி உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். கரடி? உண்டு. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது.

எந்த மாதம்?

ஜூலை, ஆகஸ்ட். அடைமழைக் காலத்தில் குகைக்குள் தண்ணீர் சட்டென்று ஏறும்.

ஒன்டாரியோ குகைகளுக்குப் போட்ட காலணியையே போடலாமா?

வேண்டாம். வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை காலணிச் சேற்றில் பயணம் செய்யும். ஒன்டாரியோ உள்ளிட்ட கிழக்குக் கனடாவில் அது ஏற்கெனவே பரவியிருக்கிறது. தீவுக்கென்று புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தாசிஸ் பக்கத்தில் கயிறு கட்டி இறங்கும் ஆழமான குகைகள் இருக்கின்றனவாமே? தனியாக முயலலாமா?

கூடாது. அதற்கு நான்கு பேராவது வேண்டும்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் பக்கத்தில் இருக்க, இருவர் வெளியே போய் உதவி அழைத்து வருவார்கள். நான் இதுவரை இறங்கியதில்லை. மற்ற மூவர் கிடைக்கவில்லை.