மஞ்சள் பூச்செடிகளை இனம் காண்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பல மஞ்சள் பூக்களைப் பற்றியவை. உடன் வந்த படங்களோ ஏறக்குறைய எல்லாமே பூவை நேர்மேலிருந்து எடுத்தவை. சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று எண்ணுவது, பல சிறுபூக்கள் நெருங்கி அமைந்த சிரமஞ்சரி என்பதால், அதன் முகத்தை மட்டும் பார்த்து இனம் சொல்வது பெரும்பாலும் இயலாது. இலையையும் காம்பையும் பூவின் அடிப்புறத்தையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: தரையோடு படர்ந்து பூக்கும் செடி ஒன்றை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லித் தந்தார்கள். அது சிங்கப்பூர் டெய்சி என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

உங்கள் படத்தில் இலை தெளிவாக இருப்பதால் நண்பர் சொல்வதே சரி என்பேன். சிங்கப்பூர் டெய்சியின் இலை தடித்துப் பளபளப்பாக இருக்கும். முற்றிய இலையின் இருபுறமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி, மும்மடல் தோற்றம் தரும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு குறுகியது, மடல்கள் இல்லாதது, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். சிங்கப்பூர் டெய்சியின் இளந்தளிர்களிலும் சில வேளை மடல்கள் தெரிவதில்லை என்பதால், ஒரே இலையைக் கிள்ளிப் பார்த்து முடிவு செய்யாமல், பல தண்டுகளில் உள்ள முற்றிய இலைகளைப் பாருங்கள். இதழ்களை எண்ணுவதில் பயனில்லை. எண்ணிக்கை இரண்டிலும் மாறுபடும்.

பெயரில் சிங்கப்பூர் இருந்தாலும் இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. கணுவுள்ள சிறு துண்டும் வேர்விட்டுவிடும் என்பதால், பிடுங்கியதைப் பச்சையாக உரக்குழியில் போடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பின்னரே அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: டான்டிலியன் என்று நினைத்து ஒரு செடியை விட்டுவைத்தேன். இப்போது இடுப்பளவு வளர்ந்து கிளைத்துவிட்டது. அது டான்டிலியன்தானா?

இல்லை. டான்டிலியனின் இலைகள் எல்லாம் தரையை ஒட்டி வட்டமாக அமைந்திருக்கும். பூக்காம்பு இலையோ கிளையோ இன்றி, உள்ளே குழலாக, உச்சியில் ஒரே ஒரு பூவைத் தாங்கி நிற்கும். உங்களுடையது சோங்கஸ் பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தில் இலையின் அடிப்பகுதி தண்டை இருபுறமும் தழுவிக்கொள்ளும். அந்தத் தழுவும் நுனி கூராக இருந்தால் சோங்கஸ் ஒலரேசியஸ். உருண்டு முட்களோடு இருந்தால் சோங்கஸ் ஆஸ்பர். கிள்ளினால் பால் வடிவது டான்டிலியனுக்கும் இவற்றுக்கும் பொது. பூவின் நடுவில் தனித் தட்டு இல்லாமல் எல்லாச் சிறுபூக்களும் நாடாவைப் போல நீண்டிருப்பதும், ஒவ்வொரு நாடாவின் நுனியிலும் ஐந்து பற்கள் இருப்பதும் அப்படியே.

கேள்வி: வெட்டுக்காயப்பூண்டின் பூ மஞ்சளா, வெள்ளையா?

நடுத்தட்டு மஞ்சள், சுற்றியுள்ள ஐந்தாறு இதழ்கள் வெளிறிய பாலேட்டு நிறம். மெல்லிய மயிர்கள் படிந்த நீண்ட காம்பின் உச்சியில் சிறு பூ தனியாக நிற்பதே அதற்கு நல்ல அடையாளம்.

கேள்வி: இலைக்கக்கத்தில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மிகச் சிறிய மஞ்சள் பூக்கள் எந்தச் செடியுடையவை?

அது சினட்ரெல்லா நோடிஃப்ளோராவாக இருக்க வேண்டும். உறுதி செய்ய, காய்ந்த பூத்தலை ஒன்றை உள்ளங்கையில் உதிர்த்துக் கைவில்லையால் பாருங்கள். ஓரத்து விதைகள் தட்டையாக, கிழிந்த விளிம்புடைய இறக்கையோடு இருக்கும்; நடுவிலுள்ளவை மெலிந்து, உச்சியில் இரண்டு விறைத்த ஊசிகளைக் கொண்டிருக்கும். ஒரே பூத்தலையில் இருவகை விதை இருப்பது, பூவைவிட நம்பகமான சான்று. (என் கண்ணுக்குப் பூவைவிட அந்த விதைகளே அழகு.)

கேள்வி: ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, சூரியகாந்தியைப் போலப் பூக்கும் புதர் எது?

இலை மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிளந்து, பூவுக்குச் சற்றுக் கீழே காம்பு பருத்திருந்தால், அது டித்தோனியா டைவர்சிஃபோலியா.

கேள்வி: இவற்றின் இலைகளை உண்ணலாமா?

படத்தை மட்டும் வைத்து நான் யாருக்கும் அனுமதி தருவதில்லை. இதே குடும்பத்தின் செனிசியோ பேரினத்திலும் டெய்சியை ஒத்த மஞ்சள் பூக்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்னும் நச்சுப்பொருள்கள் இருக்கின்றன, சமைத்தாலும் அவை முற்றாக நீங்குவதில்லை. செடியை வேரோடும் பூவோடும் ஒரு தாவரவியலாளரிடம் நேரில் காட்டி உறுதி செய்யும் வரை உண்ணாதீர்கள்.