செயற்கைக் காலோடு கூத்து ஆட: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களின் கேள்விகளுக்குச் செயற்கை உறுப்பு பொருத்தும் தொழில்நுட்பர் ஒருவர் பதில் சொல்கிறார்.

பண்ருட்டி: முழங்காலுக்குக் கீழே எடுத்து அஞ்சு மாசம் ஆகுது. பங்குனியில வேஷம் கட்டலாமாண்ணே?

புண் முழுக்க ஆறியிருந்தால் தற்காலிகக் காலோடு ஒத்திகை தொடங்கலாம், தம்பி. ஒரு மணி நேரம் ஆடிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு 10, 15 நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால் சாக்கெட்டை, அதாவது மிச்சக் கால் நுழையும் கூட்டை, திருத்த வேண்டும். கொப்புளம் வந்தால் ஆறும்வரை கால் போடக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வில்லியனூர்: ராத்திரி பத்து மணிக்குக் கச்சிதமா இருக்கிற கால், ரெண்டு மணிக்கு உள்ளே இறங்கி இடிக்குது.

கால் கெடவில்லை, ஸ்டம்ப், அதாவது வெட்டியபின் மிஞ்சிய கால், இளைத்திருக்கிறது. நின்று ஆட ஆட நீர் வடிந்து சிறுத்துவிடும். ஸ்டம்பின் நுனியோ முழங்கால் சிப்பியின் கீழ்விளிம்போ வலித்தால் ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்டம்பின்மேல் ஒரு பிளை (தடிமன் அளவு) சாக்ஸ் கூட்டுங்கள். கால் நீளமானதுபோல் தோன்றினால் சாக்ஸ் அதிகம். 1, 3, 5 பிளையில் இரண்டிரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று வியர்வை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் லைனருக்குள், அதாவது ஸ்டம்பின்மேல் போடும் மெத்தென்ற உறைக்குள், தண்ணீரே கட்டும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சபையைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் கொட்டகைக்குள் போய் லைனரைக் கழற்றி, அதையும் ஸ்டம்பையும் துடைத்து உலர்த்திப் போடுங்கள். அதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரிதாரம் குழைத்த தேங்காய் எண்ணெய் விரலில் இருக்கும். அது லைனரில் பட்டால் வழுக்கும், நாளடைவில் லைனரும் கெடும்.

நெல்லிக்குப்பம்: சலங்கை எந்தக் கால்ல? சுத்தி ஆடுறது எப்படி?

நல்ல காலில் முழுச் சரம், செயற்கைக் காலில் பாதி போதும். அதையும் கணுக்காலில் கட்டாமல் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கட்டுங்கள். நுனியில் பாரம் கூடினால் ஒவ்வொரு வீச்சிலும் சாக்கெட் கழன்று இறங்கும். சுழலும்போது பாரம் நல்ல காலில். செயற்கைக் கால் தட்டி எடுப்பதற்கு மட்டும். அதை ஊன்றித் திரும்பினால் பாதம் மண்ணில் நிற்கும், ஸ்டம்ப் உள்ளே திருகும், தோல் உரியும்.

பாகூர்: வழியில செருப்பு, சபையில வெறுங்கால். சரியா வருமா?

செருப்பின் குதிகால் உயரத்துக்கு அலைன்மென்ட் (கால், பாதத்தின் சாய்வு) வைத்த காலை வெறுங்காலாக ஊன்றினால் கணைக்கால் பின்னால் சாயும், முழங்கால் பின்புறம் தள்ளப்படும். வெறுங்கால் நிலையிலேயே அலைன்மென்ட் வைக்கச் சொல்லுங்கள். வழியிலும் குதி உயராத தட்டைச் செருப்பே போடுங்கள். 1968-ல் உருவான ஜெய்ப்பூர் கால் வெறுங்காலில் நடக்கவும் குந்தவும் ஏற்றது. காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1984-ல் பரத மேடைக்குத் திரும்பியது அதைப் போட்டுக்கொண்டுதான்.

திருப்பாதிரிப்புலியூர்: ஆடிக்கிட்டே பாடினா மூச்சு வாங்குது.

வாங்கத்தான் செய்யும். சும்மா நடப்பதற்கே சுமார் 25% கூடுதல் சக்தி செலவாகும். தருவை, அதாவது கூத்துப் பாட்டை, நின்று பாடுங்கள், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடும்போது அடவு வையுங்கள். ஆர்மோனியக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் அரைக் கட்டை இறக்கித் தருவார்.

குறிஞ்சிப்பாடி: எனக்குக் கை இல்லை. புஜகீர்த்தி கட்டினா செயற்கைக் கை திறக்கவே மாட்டேங்குது.

தோளில் கட்டும் அணியான புஜகீர்த்தியின் கயிறு, கையைத் திறக்க முதுகில் ஓடும் கேபிளை அழுத்துகிறது. முதலில் செயற்கைக் கையின் வார்ப்பட்டை, மேலே பருத்தித் துணி, அதன்மேல் புஜகீர்த்தி. முடிச்சைக் கேபிள் பக்கம் போடாதீர்கள். கிரீடம் வைக்கும் முன் கையை ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள்.

கடலூர் முதுநகர்: இலவசமா கால் கிடைக்குமா?

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் ஒன்றிய அரசின் ஏடிஐபி (ADIP) திட்டத்தில் கிடைக்கும். 40% ஊனச் சான்று வேண்டும், வருமான வரம்பும் உண்டு. ஒருமுறை வாங்கினால் அடுத்ததற்கு 3 ஆண்டு இடைவெளி. ஸ்டம்ப் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு வாங்கினால் அந்தக் கால் தொளதொளத்து மூலைக்குப் போகும், அடுத்த காலுக்குச் சொந்தக் காசுதான்.