பாரமவுண்ட் 78: இரைச்சல் தட்டிலா, ஊசியிலா?

வணக்கம். 1929இல் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட 78 தட்டில் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு) புளூஸ் பாடகர் சார்லி பேட்டன் குரலே இரைச்சலில் மூழ்குகிறது, எல்பி (பிற்கால நீண்ட நேர இசைத்தட்டு) ஊசியில்தான் போடுகிறேன், ஸ்பிரிட்டால் துடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம்! அந்தத் தட்டில் உள்ள ஷெல்லாக் என்ற அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ் போதும். லேபிள் நனையக் கூடாது.

முதலில் ஊசியை மாற்றுங்கள். எல்பியின் 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை 78இன் அகலமான பள்ளத்தில் அடிவரை இறங்கி, அங்கே படிந்த தூசியைத்தான் வாசிக்கும். 3 மில் முனை சுவரில் உட்காரும். தேய்ந்த பிரதி என்றால் 3.5உம் போட்டுப் பாருங்கள், பழைய ஊசிகள் தொடாத உயரம் கிடைக்கலாம். ஊசியின் அழுத்தம் 4 கிராம் அளவில் இருக்கட்டும். இடது, வலது சேனல் இரண்டையும் ஒரே ஒலியாக, அதாவது மோனோவாகச் சேர்த்தால் பள்ளத்தின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் கழிந்துவிடும். ஆர்ஐஏஏ திருத்தம் (ஒலிக்கும்போது உயர் ஒலியைக் குறைத்து, தாழ் ஒலியைக் கூட்டும் சரிக்கட்டல்) எல்பிக்கானது. 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 14 டெசிபல் குறைத்து, குரலை மங்கடிக்கும்.

இதற்குப் பிறகும் நிற்கும் சரசரப்பு தட்டுக்கே உரியது. பாரமவுண்ட் மலிவான கலவையில் அச்சடித்தது. உலோக அச்சுகளும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மறுவெளியீட்டு சிடிகளே சேகரிப்பாளர்களின் தேய்ந்த தட்டுகளிலிருந்து எடுத்தவைதான். மென்பொருளால் அந்தச் சரசரப்பை முழுக்க வழிக்காதீர்கள், கிட்டார் தந்தியில் விரல் அறையும் ஓசையும் கூடவே போய்விடும்.