‘யாருக்குத் தம்பி இந்த மாத்திரை?’

கேள்வி: எனக்கு வயது 28. காரைக்குடி பக்கம், கூட்டுக் குடும்பம். நான் ஆண்களை விரும்புகிறவன், வீட்டுக்குத் தெரியாது. ஹெச்.ஐ.வி. வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையை ஆறு மாதமாகப் போடுகிறேன். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, “இது எய்ட்ஸ் மாத்திரையாச்சே, யாருக்குத் தம்பி?” என்று கேட்டார். திருச்சியில் இருக்கும் என் நண்பரோ, “என் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கோபித்துக்கொண்டு பேசுவதில்லை. மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் மாற்றி, பட்டாலை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆள் நடமாட்டம் இருந்தால் எடுக்க முடியாது. வாரத்தில் இரண்டு நாள் தவறிவிடுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: வெட்கப்பட்டு நிறுத்த வேண்டாம்.

கடைக்காரருக்குத் தெரிந்தது பாதிதான். உங்கள் மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் இரண்டும் ஹெச்.ஐ.வி. சிகிச்சையிலும் பயன்படுபவைதான். ஆனால் சிகிச்சை என்றால் கூடவே வேறு மருந்தும் சேரும். உங்களுடையது வருமுன் காப்பது. இன்னொரு முறை கேட்டால், “வராமல் இருக்கப் போடுகிறேன்” என்று சொன்னால் போதும். சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ‘எனக்கு அது இல்லை’ என்று சொல்லும் அவசரத்தில், அதே மாத்திரையைச் சிகிச்சைக்காகப் போடுகிறவரைக் கீழே தள்ளிவிடாதீர்கள். ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக அது தொற்றுவதில்லை.

நண்பரின் கோபம் எனக்குப் புரிகிறது. மாத்திரையைப் பார்த்ததும் ‘இவன் வேறு யாரிடமோ போகிறான்’, இல்லையென்றால் ‘என்னைச் சந்தேகப்படுகிறான்’ என்று மனசு ஓடிவிடுகிறது. ஆண்களை விரும்பும் ஆண்கள் பலர் இந்த இரண்டு பேச்சையும் கேட்டுக் கண்கலங்கி என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரெப் யாருடைய நடத்தைக்கும் சான்றிதழ் இல்லை. அவரையும் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யவும் கூடாது. இருவரும் ஒரே பெஞ்சில் காத்திருந்துவிட்டு வந்தால் பேச்சு தானாகத் தொடங்கும்.

என் கவலையெல்லாம் அந்த வைட்டமின் டப்பாதான். இந்த மாத்திரை ஈரம் படக்கூடாதது. அதனால்தான் அதன் சொந்த டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்கள். மாத்திரையை அந்த டப்பாவிலேயே வைத்து, மூடியை இறுக்கமாக மூடுங்கள். லேபிள்தான் பயம் என்றால் மேலே ஒரு காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்து நாள் போட்டிருப்பதால் ஆண்களுக்குப் பாதுகாப்பு ஒரேயடியாகப் போய்விடாது. ஆனால் ஒளித்து எடுக்கும் பழக்கத்தில் ஐந்து மூன்றாகிவிடும், அப்போதுதான் ஆபத்து. உங்கள் வீட்டிலும் அப்பத்தா ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிரஷர் மாத்திரை போடுவாரென்றால், அதே நேரத்தில் நீங்களும் தண்ணீர்ச் சொம்பை எடுங்கள். மாத்திரை போடும் வீட்டில் இன்னொரு மாத்திரையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

நண்பரை எப்போதாவதுதான் சந்திப்பீர்கள் என்றால், சந்திப்பையொட்டி மட்டும் போடும் முறையும் உண்டு: உடலுறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை, அதைப் போட்டதிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு இது ஆகாது. அவர்கள் மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலும் கல்லீரல் பாதிக்கப்படலாம். அதனால் எதையும் நீங்களாக மாற்றாமல் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். டாக்டர் சொல்லும்போது சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பாருங்கள். சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பாலியல் தொற்றுகளை பிரெப் தடுக்காது, அதற்கு ஆணுறைதான். முகம் தெரியாமல் பேச வேண்டுமென்றால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097, கட்டணமில்லா எண்.

இன்றைக்கு ராத்திரி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.