கினிப்பன்றி தும்முகிறது, மூச்சு இரைக்கிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கோத்தகிரி குளிரில் இரண்டு நாளாகத் தும்மல், இன்று மூச்சில் கிர்ரென்று சத்தம், சாப்பாடும் பாதிதான் என்கிறீர்கள். அப்படியானால் நாளைவரை காத்திருக்காமல் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தச் சின்ன உயிருக்கு நிமோனியா மளமளவென்று முற்றிவிடும்.

மிக முக்கியமானது: வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் அதன் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து உயிரையே வாங்கிவிடும். மருத்துவர் கினிப்பன்றி அதிகம் பார்த்திராதவர் என்றால் இதை நீங்களே தயங்காமல் சொல்லுங்கள்.

பல நேரம் காரணம் போர்டெடெல்லா என்ற பாக்டீரியா. நாயும் முயலும் நோயே இல்லாமல் அதைச் சுமக்கும். அவற்றிடமிருந்து தள்ளி வையுங்கள்.

அறை 18 முதல் 24 டிகிரிக்குள் இருக்கட்டும். ஆனால் கரி அடுப்பு மூட்டி அல்ல, புகை நுரையீரலை இன்னும் கெடுக்கும். வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைத்தால் போதும். மூத்திர ஈரம் படிந்த விரிப்பைத் தினமும் மாற்றுங்கள், அந்த நெடியும் ஆகாது.

என் கினிப்பன்றிக்கு இது வந்தபோது மூக்கோரம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் துடைத்ததும் தலையை உதறிவிட்டுக் கொத்தமல்லித் தண்டைக் கடித்தாள். அவை மூக்கால்தான் மூச்சுவிடும், அடைத்தால் சாப்பாடும் நின்றுவிடும். அரை நாள் பட்டினி கிடந்தாலே குடல் இயக்கம் மந்தமாகும். அப்போது தீவன உருண்டையை ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

அப்புறம், வைட்டமின் சி அதன் உடம்பில் உற்பத்தியாகாது. நம் ஊர்க் கேரட்டில் அது குறைவு. குடைமிளகாய்த் துண்டு தினமும் கொடுங்கள்.