திருச்சி – சிங்கப்பூர்: வான்வழித் தூரமும் பயண நேரமும் – கேள்வி-பதில்

கேள்வி: திருச்சி–சிங்கப்பூர் தூரம் ஓரிடத்தில் 2,980 என்றும், வேறோரிடத்தில் 1,850 என்றும், என் மகன் அனுப்பிய படத்தில் 1,610 என்றும் உள்ளது. எது சரி? (தேவகோட்டை வாசகர்)

மூன்றும் ஏறக்குறையச் சரியானவையே, அலகுதான் வேறு. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் புழங்கும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மேலே சொன்ன தூரம் பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம் என்பதால், வான்தடங்களையும் வங்கக் கடலின் மழைமேகங்களையும் அனுசரித்துச் செல்லும் விமானம் சற்றுக் கூடுதலாகவே பறக்கும்.

கேள்வி: இரவு 1 மணிக்குப் புறப்படும் விமானம் காலை 7.30க்கு இறங்குகிறது. ஆறரை மணி நேரம் பறக்கிறதா? (கானாடுகாத்தான் வாசகி)

இல்லை. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் நம் ஊர்க் கணக்கிலும், இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கிலும் அச்சாகும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அதைக் கழித்தால் நான்கு மணி நேரம். மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றரை மணி நேரம் போதுமே என்று தோன்றலாம். ஏறுவதும், இறங்குவதும், ஓடுதளம் வரை ஊர்ந்து செல்வதும் மிச்ச அரைமணியை எடுத்துக்கொள்கின்றன. திரும்பி வரும்போது இரவு 9க்கு ஏறி 10.30க்கு இறங்குவதாக அச்சாகியிருந்தாலும் அதே நான்கு மணி நேரம்தான்.

கேள்வி: ஆடி மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த விமானம் முன்னதாகவே இறங்கிவிட்டது. காரணம் என்ன? (காரைக்குடி வாசகர்)

காற்று காரணமாக இருக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று தரையில் மேற்கிலிருந்து வீசும் ஜூன்–செப்டம்பர் மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து வலுவான காற்றோட்டம் இருக்கும். நம் பக்கம் வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். சிங்கப்பூர் செல்லும் விமானத்துக்கோ அது எதிர்க்காற்று.

கேள்வி: காரைக்குடியிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

இரவு 1 மணி விமானத்துக்கு மாலை 7.30க்கே கிளம்புவது நல்லது. திருமயம், புதுக்கோட்டை வழியாக இரண்டு மணி நேரம் ஆகும்; விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருந்தாக வேண்டும். ஊறுகாய்ப் புட்டியைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் ஓர் ஆச்சி அதற்காக வாதாடி நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பாட்டனார் கொடுக்கல்வாங்கல் நடத்திய ரங்கூனை (இன்றைய மியான்மரின் யாங்கோன்) பார்க்க விரும்புகிறேன். எவ்வளவு தூரம்? (புதுவயல் வாசகர்)

சென்னையிலிருந்து சுமார் 1,770 கிலோமீட்டர். சிங்கப்பூரைவிட வெகு அருகில். அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் முந்தியது. ஆனால் நேரடி விமானம் கிடைக்காத நாளில் பாங்காக் வழியாகச் சென்றால் தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடும். மியான்மரின் தென்பகுதியைத் தாண்டிப் பறந்து, பாங்காக்கில் சில மணி நேரம் காத்திருந்து, தாண்டிய நாட்டுக்கே மறுபடி திரும்பி வர வேண்டியிருக்கும்.